ஃபாஸ்ட் டிராக் ஆபரேஷன் என்கிறார்கள், நான்காம் நாள் வீட்டுக்கு என்கிறார்கள்: நம்பலாமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி, அடுத்த மாதம் ஆபரேஷன். 'ஃபாஸ்ட் டிராக் முறையில் செய்கிறோம், எல்லாம் சரியாகப் போனால் நான்காம் நாள் வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் சைட் இன்ஜினியர். உங்கள் சைட்டில் ஃபாஸ்ட் டிராக் என்றால் டிராயிங் முழுசாகக் கைக்கு வருவதற்குள் கம்பி கட்ட ஆரம்பிப்பது, அப்புறம் டிராயிங் மாறி வந்ததும் கட்டியதை உடைப்பது. அப்பாவையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்களா, பெட் சீக்கிரம் காலியாக வேண்டும் என்பதற்கு ஒரு அழகான பெயரா இது, என்பது உங்கள் பயம். மருந்து, ரோடு, மார்க்கெட் சர்வே என்று எங்கே பார்த்தாலும் இந்தச் சொல் வருகிறது, நல்ல விதமாக ஒரு தடவையும் பார்த்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஒரே சொல்லை நாலு துறையும் நாலு அர்த்தத்தில் பயன்படுத்துகின்றன, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் மயக்க மருந்து மருத்துவர். சென்னையில் இருபத்திரண்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் வயிற்று ஆபரேஷன்கள். அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அவருக்கு என்ன செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்த முறை என்ன, அதில் எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் சந்தேகம், நீங்கள் எங்கே கண் வைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1990-களில் டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு எளிமையான கேள்வியைக் கேட்டார்: ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் நோயாளி ஏன் இன்னும் படுத்திருக்கிறார்? ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தால் வலி, வாந்தி, குடல் அசையாமல் இருப்பது, உடம்பு தளர்ந்துபோவது என்று வரும். இதில் பெரும்பகுதி நோயால் வந்ததே இல்லை, நாம் செய்த காரியங்களால் வந்தது. நள்ளிரவிலிருந்து பட்டினி, மூக்கு வழியாக ஒரு டியூப், பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ், வலிக்கு மார்ஃபின், சிறுநீருக்கு ஐந்து நாள் டியூப், காற்றுப் பிரியும் வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எழுந்து நடக்கத் தடை. இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ நல்லெண்ணத்தில் ஆரம்பித்தவை. இவற்றை எடுத்துவிட்டால் பத்து நாள் படுக்க வேண்டியவர் சில நாளில் எழுந்து போகிறார் என்று அவர் காட்டினார். பிறகு 2001-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இதை முறைப்படுத்தினார்கள், இன்று ஈராஸ் (ERAS, ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் தேறவைக்கும் முறை) என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கிறது. இதில் கவனியுங்கள், ஆபரேஷன் செய்யும் நேரத்தை யாரும் குறைக்கவில்லை. சர்ஜன் கை வேகமாக ஓடுவதில்லை.

பட்டினியை எடுத்துக்கொள்ளுங்கள், அது என் கையில் இருக்கும் விஷயம். 1946-இல் மெண்டல்சன் என்ற மருத்துவர், பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கையில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடுவதைப் பற்றி எழுதினார். அந்த ஆபத்து உண்மை. அதிலிருந்து 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் கூடாது' என்ற வழக்கம் ஊரெல்லாம் பரவியது. ஆனால் வெறும் தண்ணீர் வயிற்றில் இரண்டு மணி நேரம் கூடத் தங்குவதில்லை. அதனால் 1999-லேயே அமெரிக்க மயக்கவியல் சங்கம், தெளிந்த திரவம் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், லேசான உணவு என்றால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில், காலை எட்டு மணி கேஸ் என்று சொல்லி ஒரு சர்க்கரை நோயாளி அம்மாவை நள்ளிரவிலிருந்து பட்டினி போட்டார்கள். முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போனது. மதியம் இரண்டரைக்கு அவரை உள்ளே கொண்டுவந்தபோது உதடு ஒட்டிக்கொண்டு, நாக்கு வறண்டு, 'ஒரு மடக்குத் தண்ணி கொடும்மா, அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினாலரை மணி நேரம். அந்தப் பட்டினியில் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. இன்று அப்படி ஒருவர் வந்தால் வார்டுக்கு நானே போன் போட்டு, இத்தனை மணி வரை தண்ணீர் கொடுங்கள் என்று சொல்கிறேன். (நம்ம ஊருக்காக ஒரு வார்த்தை: தண்ணீர், வடிகட்டிய இளநீர், பால் இல்லாத காபி எல்லாம் தெளிந்த திரவம். ஃபில்டர் காபி கிடையாது. பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. 'அரை டம்ளர்தானே' என்று கொடுத்துவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட வைத்த குடும்பங்கள் நிறைய. அப்பாவுக்கு எத்தனை மணி வரை என்பதை மட்டும் அவருடைய மயக்க மருந்து டாக்டரிடமே கேளுங்கள், கட்டி குடலை அடைத்துக்கொண்டிருந்தாலோ சர்க்கரை ரொம்ப நாளாக இருந்தாலோ இந்தக் கணக்கு மாறும்.)

டிரிப்ஸும் அப்படித்தான். 'இன்னிக்கு ஆறு பாட்டில் ஏத்தினாங்க' என்று சொந்தக்காரர்கள் நிம்மதியாகச் சொல்வார்கள், அது தெம்பு என்ற நம்பிக்கை. தேவைக்கு மேல் போகும் உப்புநீர் குடலின் சுவரிலேயே போய்த் தேங்குகிறது, ஊறிப்போன குடல் அசையாது. 2002-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் குடல் ஆபரேஷன் செய்த இருபது பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தினமும் மூன்று லிட்டருக்கு மேல் வாங்கியவர்கள் ஒன்பது நாள் தங்கினார்கள், இரண்டு லிட்டருக்குள் வாங்கியவர்கள் ஆறு நாளில் கிளம்பினார்கள். இருபது பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் அதற்குப் பிறகு உற்சாகம் தலைக்கேறி எல்லோரையும் காயப்போட ஆரம்பித்தோம், நானும் செய்திருக்கிறேன். 2018-இல் கிட்டத்தட்ட மூவாயிரம் பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வந்தது. திரவத்தை ரொம்பக் கட்டுப்படுத்தியவர்களில் 8.6 சதவீதம் பேருக்கு சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 சதவீதம். ஆக, அதிகமும் கெடுதல், குறைவும் கெடுதல். இந்தத் துறையில் இருப்பவர்கள் அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. சீக்கிரம் எழுந்து நடப்பது நல்லது, படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், வயதானவர்களுக்குத் தொடைச் சதை நாள்கணக்கில் கரையும். மூக்கு டியூபை வழக்கமாகப் போட வேண்டியதில்லை. மார்ஃபினைக் குறைத்து முதுகில் ஊசி, வயிற்றுத் தசைக்கு மரப்பு ஊசி, பாராசிட்டமால் என்று பல வழியில் வலியைப் பிடித்தால் குடல் சீக்கிரம் விழிக்கும். முதல் நாளே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க ஆரம்பிக்கலாம். சந்தேகமானவை: ஆபரேஷனுக்கு முன்பு கொடுக்கும் மாவுச்சத்து பானம், இந்த முறையின் இருபது சொச்சம் அம்சங்களில் எது எவ்வளவு உதவுகிறது என்ற கணக்கு. எத்தனை அம்சங்களைப் பின்பற்றினார்களோ அத்தனை நன்றாகக் குணமானார்கள் என்று கட்டுரைகள் வருகின்றன, அதை நான் முழுசாக நம்புவதில்லை. நன்றாக இருக்கிற நோயாளிதான் எழுந்து நடப்பார், சாப்பிடுவார். நடந்ததால் நன்றாக இருந்தாரா, நன்றாக இருந்ததால் நடந்தாரா என்பதை அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது.

இப்போது உங்கள் சைட்டுக்கு வருகிறேன். என் அண்ணன் கட்டுமானத் திட்டமிடலில் இருப்பவர், அவரிடம் வருடக்கணக்கில் வாதம் செய்து நான் புரிந்துகொண்டது இது. உங்கள் துறையில் வேகப்படுத்த இரண்டு வழி. ஆளையும் இயந்திரத்தையும் கூட்டினால் அது கிராஷிங், பணம் போகும். ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டிய வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினால் அது ஃபாஸ்ட் டிராக்கிங், அதில் திரும்பச் செய்யும் ஆபத்து கூடவே வரும். முழு விவரம் தெரிவதற்கு முன்பே இறங்குகிறீர்கள், அதுதான் அதன் விலை. குடல் ஆபரேஷனில் அது நடப்பதே இல்லை. ஸ்கேன், எண்டோஸ்கோபி, பயாப்ஸி, ரத்தம், இதயம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கத்தி வைக்கிறார்கள். சொல்லப்போனால் ஈராஸில் முன்தயாரிப்பு கூடுதல். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து ஏற்றுவார்கள், புகைப்பவர் என்றால் நான்கு வாரமாவது நிறுத்தச் சொல்வார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உங்கள் ஃபாஸ்ட் டிராக் வேறு, எங்கள் ஃபாஸ்ட் டிராக் வேறு.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுதான், அங்கேதான் நீங்கள் கண் வைக்க வேண்டும். ஸ்லாப் போட்டபின் அதைத் தாங்கும் முட்டுக் கம்பங்களைப் பிரிக்க ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் விதிமுறை நாள் சொல்கிறது இல்லையா, நாலரை மீட்டருக்குள் இருக்கும் ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். முதலாளி எவ்வளவு கத்தினாலும் கான்கிரீட் தன் வேகத்தில்தான் இறுகும். குடலை வெட்டி இரண்டு முனையையும் இணைத்த இடமும் அதுபோலத்தான். முதல் சில நாட்கள் அந்த இணைப்பைத் தாங்குவது தையலும் ஸ்டேப்பிளும்தான், உடம்பின் சொந்தத் திசு பலம் பிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஈராஸில் எதைச் செய்தாலும் அதை வேகப்படுத்த முடியாது. நூற்றில் சில பேருக்கு அந்த இணைப்பு கசியும், பெரும்பாலும் அது தெரியவருவது ஐந்தாம், ஏழாம் நாள் வாக்கில். அப்பா நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டால், ஆபத்தான நாட்களை அவர் உங்கள் வீட்டுக் கட்டிலில் கழிப்பார். முட்டு இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மட்டும் மாறுகிறார்.

இதனால்தான் நல்ல ஈராஸுக்கும் போலிக்கும் வித்தியாசம் டிஸ்சார்ஜுக்குப் பிறகு தெரியும். சில வருடம் முன்பு ஒரு இடத்தில் இதைத் தொடங்கினார்கள். ஆலோசகர்கள் வந்து, சராசரித் தங்கல் எத்தனை நாள் குறைந்தது என்று மாதாமாதம் வண்ணப் படமாகக் காட்டினார்கள். எத்தனை பேர் திரும்பி வந்து சேர்ந்தார்கள் என்ற கட்டம் அந்தப் படத்தில் இல்லை. அங்கே ஐந்தாம் நாள் அனுப்பிய ஒருவர் ஏழாம் நாள் ராத்திரி காய்ச்சல், வயிறு உப்பல் என்று போன் செய்தார், எடுத்தவர் 'காலையில் ஓபிக்கு வாங்க' என்றார். காலையில் வந்தபோது இதயத்துடிப்பு 130, நேராக தியேட்டர், கசிவு. பிழைத்தார், ஆனால் ஒரு மாதம் ஐசியூவும் வார்டும். அந்த ராத்திரி அவருக்கு நான் மயக்கம் கொடுத்திருக்க வேண்டியது, எட்டு மணி நேரம் தாமதமாகக் கொடுத்தேன். அன்றிலிருந்து, கூப்பிட்டால் எடுத்துப் பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நாளைக் குறைக்கக் கூடாது என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மார்க்கெட் சர்வே சந்தேகமும் இதே ரகம்தான், வியாபார ஆய்வில் அளக்க எளிதானதை அவசரமாக அளந்து, அளக்கக் கஷ்டமானதை விட்டுவிடுவார்கள்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது என்ற யோசனையே வெளிநாட்டு இறக்குமதி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு மிகப் பெரிய சாட்சி நம் சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956-இல் மெட்ராஸில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போது டிபி வந்தால் சானட்டோரியத்தில் ஒரு வருடம் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு என்பதுதான் வைத்தியம். ஒரு பாதிப் பேரை அப்படி வைத்து, மறுபாதியை நெருக்கடியான, ஏழைமையான அவரவர் வீட்டிலேயே வைத்து, இருவருக்கும் அதே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வந்தது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் ஆபத்து கூடவில்லை. உலகமெங்கும் டிபி சானட்டோரியங்கள் தேவையற்றுப் போனதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. கவனிக்க வேண்டியது, மருந்தை அவர்கள் ஒரு நாளும் குறைக்கவில்லை, வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணினார்கள். பின்னாளில் மருந்துக் காலத்தையே ஆறு மாதத்திலிருந்து நான்காகக் குறைக்கப் பார்த்த மூன்று பெரிய ஆய்வுகள் 2014-இல் வந்தன, மூன்றிலும் நோய் திரும்பியவர்கள் அதிகம், தோல்வி. வேறு மருந்துச் சேர்க்கையோடு 2021-இல் நான்கு மாதம் சாத்தியம் என்று தெரிந்தது. படுக்கையைக் குறைப்பது வேறு, மருந்தைக் குறைப்பது வேறு, இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இது அப்பாவுக்கும் பொருந்தும். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ வேண்டியிருந்தால், 'ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம்' என்று யாராவது சொல்லலாம். அதையும் அவசரம் என்று நினைக்காதீர்கள். நிணநீர் முடிச்சுக்குப் பரவிய குடல் புற்றில் ஆறு ஆய்வுகளைச் சேர்த்து பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து 2018-இல் வெளிவந்த முடிவு அது. மூன்று வருடத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் ஆறு மாதக்காரர்களில் 75.5 சதவீதம், மூன்று மாதக்காரர்களில் 74.6. கை கால் மரத்துப்போவது மூன்று மாதத்தில் வெகுவாகக் குறைவு. எல்லோருக்கும் மூன்று போதும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, பரவல் எவ்வளவு, எந்த மருந்துச் சேர்க்கை என்பதைப் பொறுத்தது, அதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் 'இந்த மருந்துக்கு அமெரிக்காவில் துரித அனுமதி கிடைத்திருக்கிறது' என்று எதையாவது விலையுயர்ந்ததாகக் காட்டினால் நிதானியுங்கள். எய்ட்ஸ் காலத்தில், 1992-இல் வந்த ஏற்பாடு அது, ஆள் பிழைத்தாரா என்ற முடிவுக்குக் காத்திராமல் இடைக்கால அறிகுறியை வைத்தே அனுமதிப்பது. பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. குறைப்பிரசவத்தைத் தடுக்க என்று 2011-இல் அப்படி அனுமதித்த மேக்கேனா என்ற ஊசி பலன் தரவில்லை என்று 2023-இல் விலக்கப்பட்டதும் அதே வழியில்தான். உங்கள் சைட் ஃபாஸ்ட் டிராக்குக்கு உண்மையான உறவினர் இதுதான், டிராயிங் முடியாமல் கம்பி கட்டுவது.

ரோடு பற்றிக் கேட்டதற்கு ஒன்று மட்டும். 2014 ஜூனில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து ஒரு இதயத்தை அடையாறுக்கு எடுத்துப் போனார்கள். சுமார் 12 கிலோமீட்டர், மாலை நேரம், 14 நிமிடத்துக்குள். தானம் பெற்ற இதயத்துக்கு நான்கு மணி நேரம் போலத்தான் கெடு. வண்டி பறந்ததைவிட, ஒவ்வொரு சிக்னலிலும் போலீஸ் முன்கூட்டியே நின்று காத்திருப்பை எடுத்ததுதான் அதில் வேலை செய்தது. ஃபாஸ்ட் டிராக்கை நல்ல விதமாகப் பார்த்ததே இல்லை என்றீர்களே, இது உங்கள் ஊரிலேயே நடந்தது.

சரி, என்ன செய்யலாம். நான்காம் நாள் என்பதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெதர்லாந்தில் ஒன்பது மருத்துவமனைகளில் 400 பேரை வைத்து 2011-இல் வந்த ஆய்வில், லேப்ராஸ்கோப்பியும் (சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) இந்த முறையும் சேர்ந்தவர்களுக்கே நடுக்கணக்கு ஐந்து நாள், வயிற்றைத் திறந்து பழைய முறையில் செய்தவர்களுக்கு ஏழு. அப்பாவுக்கு ஆறு நாள் ஆனால் ஏதோ கோளாறு என்று அர்த்தமில்லை. டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: எந்த நாள் என்று பார்க்காமல் எந்த நிலை வந்தால் அனுப்புவீர்கள்? (சாப்பிட்டு வாந்தி இல்லாமல் இருப்பது, மாத்திரையிலேயே வலி அடங்குவது, தானாக நடந்து பாத்ரூம் போவது, காற்றுப் பிரிவது, காய்ச்சல் இல்லாதது, இப்படி ஒரு பதில் வர வேண்டும்.) மூன்றாம் நான்காம் நாள் சிஆர்பி (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும்) ரத்தப் பரிசோதனை பார்ப்பீர்களா? அது 150-ஐத் தாண்டி நின்றால் அனுப்ப யோசிப்பார்கள். வீட்டுக்குப் போன மறுநாள் யார் எங்களைக் கூப்பிடுவார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் யாரைக் கூப்பிடுவது? கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் வரவில்லை என்றால், இன்னும் மூன்று நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், குளிர் நடுக்கம், குறைய வேண்டிய வலி கூடுவது, திரும்ப வாந்தி, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் போவது, நாடித்துடிப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூறைத் தாண்டி நிற்பது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். குரோம்பேட்டையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனை நகரத்துக்குள் என்றால் சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டில் மாட்டிக்கொள்வீர்கள், முதல் ஒரு வாரம் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால் அங்கே தங்குவது நல்லது. அப்புறம், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அப்பாவைத் தினமும் காலை மாலை அரை மணி நேரம் நடக்க வையுங்கள், பீடி சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. குடல் கட்டியில் ரத்தம் மெல்லக் கசிந்து குறைந்திருப்பது சகஜம், அதைச் சரிசெய்ய இந்த ஒரு மாதம் தாராளமாகப் போதும், நாளைக்கே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.